படிகாரம் போட்ட தொட்டி

கார்த்திகையில் ஆறு சிவந்து வரும். மேற்கே பெய்த மழை வயலையும் வாழையையும் அரித்த மண்ணோடு ஸ்ரீவைகுண்டம் அணையைத் தாண்டி, முக்காணி ஊருக்கு வந்து சேரும்போது காவி கரைத்த மாதிரி இருக்கும். அந்தத் தண்ணீரை யாரும் அப்படியே குடிப்பதில்லை. குடத்தில் பிடித்து வைத்து, படிகாரக் கட்டியை உள்ளே விட்டுச் சுற்றி எடுப்பார்கள். கொஞ்ச நேரம் பொறுத்துக் குனிந்து பார்ப்பார்கள். மண் அடியில் படிந்திருந்தால் மொள்ளலாம். படியாவிட்டால் இன்னொரு சுற்று. அந்தக் குனிந்து பார்க்கிற பழக்கம் ஆற்றோரத்துப் பிள்ளைகளுக்கு நடை பழகும்போதே வந்துவிடும். தனராஜுக்கும் அப்படித்தான் வந்தது.

அவன் காகிதப் பட்டறையில் வெளுப்புத் தொட்டிக்காரன். தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்த மறு வருஷம், ஊருக்கு வெளியே ஆற்றை ஒட்டி ஒரு கூட்டுறவுச் சங்கம் அந்தப் பட்டறையைப் போட்டது. அறுப்பு முடிந்த வைக்கோலும், தார் வெட்டியபின் சரித்துப் போட்ட வாழைமரமும்தான் சரக்கு. பெண்கள் அதைத் துண்டு துண்டாக அரிந்து போடுவார்கள். காஸ்டிக் சோடாவில் அவித்து, கழுவி, அரைத்தால் கூழாகும். கூழ் கருப்பட்டிப் பாகு நிறத்தில் இருக்கும். அதை வெள்ளையாக்குவதற்குத் தகர டிரம்மில் பிளீச்சிங் பவுடர் வரும். மூடியை நெம்பித் திறந்தால் கண் எரியும், தொண்டை கட்டும். ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு தனராஜ்தான் அதைத் தொட்டியில் கொட்டிக் கிண்டுவான். அதற்கு முன்னால் உப்பளத்தில் வாரிக்கொண்டிருந்தவன். அங்கே கண் போகும், இங்கே நெஞ்சு போகும், எங்கே போனாலும் ஒன்றைக் கொடுத்துத்தான் சாப்பிட வேண்டும் என்பான். வருத்தமாகச் சொல்லமாட்டான். பஸ் எத்தனை மணிக்கு என்பதுபோலச் சொல்லுவான்.

அந்தக் கார்த்திகையில் பம்பு இழுத்த தண்ணீரில் பாதி மண்ணாக இருந்தது. பவுடர் கொட்டிக் கிண்டியபிறகும் கூழ் செங்கல் நிறத்தைவிட்டு நகரவில்லை. காகிதம் சிவந்துபோனால், சரக்கு எடுக்கிற காயல்பட்டினத்து மொதலாளி சரக்கைத் திருப்பிவிடுவார் என்று தனராஜுக்குப் பயம். பக்கத்தில், மை ஊறிப் பரவாமல் காகிதத்துக்குப் பசை ஏற்றுவதற்காகப் படிகார மூட்டை கிடந்தது. ஒரு சருவப் பானை நிறையக் கரைத்து வெளுப்புத் தொட்டியில் ஊற்றினான். துடுப்பால் சுற்றினான். பிறகு, வீட்டில் குடத்தைப் பார்ப்பதுபோல, மண் படிந்ததா என்று தொட்டிக்குள் குனிந்து பார்த்தான்.

பவுடரும் படிகாரமும் சேர்ந்தால் விஷப்புகை கிளம்பும் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பச்சையும் மஞ்சளுமாக ஒரு புகை தொட்டி விளிம்பு வரை எழும்பி நின்றது. அவனுடைய தங்கச்சி அற்புதமணி அங்கேதான் வைக்கோல் அரிந்துகொண்டிருந்தாள். அண்ணன் தொட்டியில் என்னத்தையோ தேடுகிறான் என்று நினைத்தாளாம். காலைப் பிடித்து இழுத்தபோது அவன் வாயில் நுரை இருந்தது.

தூத்துக்குடி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தவன் பழைய தனராஜ் இல்லை. படுத்தால் மூச்சு முட்டும். அதனால் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருப்பான். மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் ஒரு சீட்டிச் சத்தம் கேட்கும். அடுப்புப் புகை ஆகாது என்று அவன் பெண்டாட்டி கிருபாபாய் அடுப்பை வெளியே வேலியோரம் கொண்டுபோய் வைத்தாள். மழை தூறினால் ஓலைப்பாயைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு கஞ்சி காய்ச்சினாள். மிளகாய் வறுப்பதை விட்டாள். சாளைக் கருவாடு சுடுவதை விட்டாள். குழம்பில்லாத அவித்த சோற்றை அவன் ஒரு குறையும் சொல்லாமல் தின்றதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. உப்புக் கொஞ்சம் கூடினால் சட்டியை நகர்த்தி வைக்கிற ஆள்.

பட்டறைக்குச் செயலாளர் சுந்தர்சிங். நாசரேத்துக்காரர், மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் மகன், காலேஜில் ரசாயனம் படித்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு அவர்கள் வீட்டுக்கு வந்தார். தூத்துக்குடியில் வாங்கிய மக்ரூன் பலகாரப் பொட்டலத்தைத் தனராஜிடம் கொடுத்தார். மரியாதைக்கு ஒன்றை வாயில் போட்டவன், அதன் பொடி தொண்டையில் பட்டு இருமத் தொடங்கி, அவர் இருந்த நேரமெல்லாம் இருமிக்கொண்டிருந்தான்.

அவர் சுற்றி வளைத்துத்தான் பேசினார். கமிட்டி கூடியது, விசாரித்தார்கள், தொட்டியில் படிகாரம் போடச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அது ஆளுடைய கவனக்குறைவு என்று முடிவாகிவிட்டது. என்னால் ஆனது, தனராஜுடைய வேலையைக் கிருபாபாய்க்குக் கேட்டு வாங்கியிருக்கிறேன் என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார்.

"ஆமா சார், நாந்தான் போட்டேன்" என்றான் தனராஜ். "என் தப்புதான்."

கிருபாபாய் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள்.

"எங்க வீட்டுக் குடத்துலயும் இவியதான் படிகாரம் போடுதாவ. எங்க மாமா போட்டாவ. ஊரே போடுது. இது வரைக்கும் எவனாவது செத்தானா சார்?"

"அது குடம் கிருபா. இது கெமிக்கல்."

"அப்படியா. அப்ப கெமிக்கல்தான தப்பு பண்ணியிருக்கு. அதைக் கூப்பிட்டு விசாரிச்சியளா?"

சுந்தர்சிங் எழுந்து செருப்பை மாட்டினார். தனராஜ் அவளைப் பேசாமலிருக்கச் சொல்லிக் கையைக் காட்டினான். அவர் போனபிறகு, கிடைத்த வேலையையும் கெடுக்கிறாளே என்று கோபித்துக்கொண்டான். கோபித்து முடிப்பதற்குள் மூச்சு தீர்ந்துவிட்டது.

ஊரில் அதற்குள் பேர் வைத்துவிட்டார்கள். அவர்கள் வீடு படிகாரம் வீடு ஆயிற்று. சலூனில் எவனாவது முட்டாள்தனமாக ஒன்றைச் செய்தால், ஏலே படிகாரம் போட்டுறாத என்று சிரித்தார்கள். கடைக்குப் போன கிருபாபாயிடமே கடைக்காரர், "படிகாரம் எப்படி இருக்கான்?" என்று கேட்டார். வேண்டுமென்று கேட்கவில்லை; வாயில் அப்படிப் படிந்துபோயிருந்தது. தனராஜ் வெளியே வருவதை நிறுத்திக்கொண்டான்.

அவள் வேலைக்குச் சேர்ந்தாள். தொட்டியைத் தேய்த்துக் கழுவினாள். துடுப்பை வெயிலில் காயவைத்தாள். அவித்த கூழைக் கொண்டுவந்து தொட்டியில் நிரப்பினாள். பவுடர் டிரம்மை மட்டும் திறக்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டுபோய் டிரம் மூடியின்மேல் ஏறி உட்கார்ந்து, பழையசோற்றைப் பிசைந்து, பருப்புத் துவையலைத் தொட்டுத் தொட்டுத் தின்றாள். அரிகிற பெண்கள் வேலையை விட்டு அவளையே பார்த்தார்கள்.

அற்புதமணி கிட்டே வந்தாள்.

"மைனி, என்ன இது? எந்திரிங்க. பவுடரைப் போடுங்க. கூழு கெடக்கு."

"கெடக்கட்டும்."

"சரக்கு போவலன்னா பட்டறையைப் பூட்டிருவாவ. நாங்க எங்கன போவ? மறுபடியும் உப்பளத்துக்கா?"

"உங்க அண்ணனை இந்தத் தொட்டியிலேர்ந்து நீதான இழுத்த? இழுத்த கையாலேயே மூடியைத் திற. நான் எந்திரிக்கேன்."

அற்புதமணி நின்றாள். பிறகு திட்டினாள். அண்ணனும் அண்ணியும் சேர்ந்து ஊர் வாயில் மண்ணைப் போடுகிறார்கள் என்றாள். திட்டிக்கொண்டே திரும்பிப் போனாளே தவிர மூடியில் கை வைக்கவில்லை.

சுந்தர்சிங் வந்து சத்தம் போட்டார். கிருபாபாய் கீழே இறங்கிக் கையைக் கழுவிக்கொண்டு பதில் சொன்னாள். ஒரு மனுஷன் வீட்டில் செய்கிற காரியத்தைத் தெரியாமல் இங்கேயும் செய்தால் ஆளைக் கொல்லுகிற சாமான் தொட்டிக்கு ஆகாது. தெரிந்த பிறகும் நாளைக்கு அற்புதமணி மறப்பாள், மறுநாள் இன்னொருத்தி மறப்பாள். வேலை செய்கிறவர்களுக்கு மறதி வரும், அசதியில் வரும், பசியில் வரும். மறக்காத ஆளைத் தேடுவதைவிட அந்தப் பவுடரை விடுவது சுலபம். இவ்வளவுதான் சொன்னாள்.

"பவுடர் இல்லாம எப்படிம்மா வெளுக்கும்?"

"வெயில்ல போட்டா வெளுக்குதா பாப்பம். துணி வெளுக்கத்தான செய்யுது."

"துணி வேற."

"குடம் வேற, துணி வேற. உங்களுக்கு எல்லாம் வேறதான் சார்."

அவளை நிறுத்திவிடலாம் என்றுதான் அவர் நினைத்திருப்பார். ஆனால் அந்தத் தொட்டிக்கு வேறு ஆள் வரவில்லை. பேரை வைத்துச் சிரித்தார்களே தவிர, தனராஜின் சீட்டிச் சத்தத்தை எல்லோரும் கேட்டிருந்தார்கள்.

தை பிறந்து வெயில் திரும்பியது. கிருபாபாய் அவித்த கூழைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். சோடா வழுவழுப்புப் போகும்வரை பிழிந்தாள். ஆற்று மணலில் பனம்பாயை விரித்து, அதன்மேல் தோசைபோல மெல்லப் பரப்பி, காயக் காயத் தண்ணீர் தெளித்து, வெயில் ஏற ஏறப் புரட்டினாள். விரல் இடுக்கெல்லாம் வெந்து தோல் உரிந்தது. காற்று பலமாக அடித்த நாளில் மணல் பறந்து கூழில் விழுந்தது. அதை முழுக்கத் திரும்பக் கழுவினாள். மாடு ஒன்று வந்து ஒரு பாய்க் கூழைத் தின்றுவிட்டுப் போனது. வைக்கோல்தானே, அதற்குத் தெரிந்துவிட்டது என்று பெண்கள் சிரித்தார்கள். அன்றைக்குத்தான் அற்புதமணி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, ஒரு கம்பை எடுத்துக்கொண்டு மணலுக்கு வந்தாள். மாடு விரட்ட வந்ததாகத்தான் சொன்னாள். வந்தவள் பாயைப் புரட்டினாள். மறுநாள் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

கருப்பட்டி நிறம் போனது. ஊறப்போட்ட கொண்டைக்கடலை நிறம் வந்தது. அதற்குமேல் நகரவில்லை.

சரக்கு எடுக்கிறவர் சாலிஹ் மொதலாளி. காயல்பட்டினம். தூத்துக்குடி பீச் ரோட்டில் கடை. கல்யாணப் பத்திரிகைக்குக் காகிதம் வெட்டி விற்பவர். மிச்சத்தைத் தோணியில் கொழும்புக்கும் அனுப்புவார். அவருடைய வாப்பா முத்துக்குளிப்பு நடந்த நாளில் சிப்பி ஏலம் எடுத்தவர். சாலிஹ் வந்து, அந்தக் கூழில் வார்த்த ஒரு தாளை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். முகர்ந்தார். விரலால் சுண்டினார்.

"தாள் நல்ல முறுக்கா இருக்கு. ஆனா நெறம் ஆவாதே. இதுல பத்திரிகை அடிச்சா, பொண்ணு வீட்டுக்காரங்க பணத்துக்கு முடைன்னுல்லா நெனைப்பாங்க. கருப்பட்டிக் கடைக்குப் பொட்டலம் கட்டலாம்."

சுந்தர்சிங் கிருபாபாயைப் பார்த்தார். இப்போதாவது புரிந்ததா என்கிற பார்வை.

"மொதலாளி" என்றாள் அவள். "உங்க வாப்பா முத்தை வெள்ளாவி வச்சா வித்தாவ?"

சாலிஹ் தாளை இறக்கினார்.

"கடல்லேர்ந்து வந்த நெறத்துலதான வித்தாவ. மஞ்சளா இருந்தாலும் முத்துதான, கொஞ்சம் செவந்திருந்தாலும் முத்துதான. அதுக்கு ஒரு பேரு சொல்லி வித்திருப்பாவ. வைக்கோலுக்கு மட்டும் என்னத்துக்கு வெள்ளை?"

மொதலாளி சிரித்தார். "ஏம்மா, வாப்பா இருந்தா உன்னைய ஏலம் கூற வச்சிருப்பாங்க." ஆனாலும் வியாபாரி வியாபாரிதான். முத்து நிறம் வந்தால் எடுப்பேன், கடலை நிறத்துக்கு ஆள் கிடையாது, சித்திரைவரை பார்ப்பேன், பிறகு வேறு பட்டறை பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அன்று சாயங்காலம் சுந்தர்சிங் வீட்டுக்குப் போகவில்லை. மணலில் நின்று பாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் நான்கைந்து பேர் வெந்த கையோடு கூழை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் தூத்துக்குடி பஸ்ஸிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கேனைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு இறங்கினார். கேனைத் தொட்டிப் பக்கத்தில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"பெராக்சைடு. புண் கழுவ ஆஸ்பத்திரியில ஊத்துவாங்கள்லா, அதுல கெட்டியானது. நூல்மில்லுல துணி வெளுக்க வச்சிருக்காங்க, கேட்டு வாங்கிட்டு வந்தேன். படிக்கிற காலத்துல படிச்சதுதான். விலை கூடங்கிறதால நான் இதை யோசிக்கவே இல்ல. வெயில்ல பாதி வெளுத்த பெறவு ஊத்தினா, கொஞ்சம்தான் செலவாவும்."

கிருபாபாய் கேனை முகர்ந்து பார்த்தாள். ஒரு வாடையும் இல்லை.

"கையில பட்டா?"

"தோலு பொத்துப்போகும், வெள்ளையா. உடனே கழுவணும். கைக்கு உறை வாங்கியிருக்கேன்."

"இதுல படிகாரம் போட்டா என்ன ஆவும் சார்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. 

"வெளுப்பு ஏறாது. சரக்கு கெடும்."

"ஆளு?"

"ஆளு கெடமாட்டான்."

"அப்ப ஊத்துங்க."

முதல் தொட்டி சரியாக வரவில்லை. இரண்டாவது நுரைத்து வழிந்தது. ஆற்று மண் கலந்தால் மருந்து வீணாக நுரைத்துப்போகும் என்று சுந்தர்சிங் கண்டுபிடித்தார். அதனால் தண்ணீரைத் தனித் தொட்டியில் படிகாரம் போட்டுத் தெளியவைத்துப் பிறகு எடுத்தார்கள். மருந்து சூட்டில்தான் வேலை செய்யும்; வெந்நீர் அடுப்பை அற்புதமணி பார்த்துக்கொண்டாள். பங்குனி கடைசியில் வந்த தாள், பால் வெள்ளை இல்லை. இளநீர் வழுக்கையைப் பிரித்தால் ஓட்டுப் பக்கம் ஒரு நிறம் இருக்குமே, அது. சாலிஹ் மொதலாளி வாங்கிப் பார்த்து, லாரியை அனுப்பினார். கடையில் அதற்கு முத்துத்தாள் என்று பேர் சொல்லி விற்பதாகக் கேள்வி. டிரம்கள் மூலையிலேயே நின்றன. கம்பெனி திருப்பி எடுக்கமாட்டேன் என்றது. ஒன்றின்மேல் உட்கார்ந்து கிருபாபாய் தினமும் சாப்பிட்டாள்.

தனராஜ் மட்டும் பட்டறைப் பக்கம் வரவில்லை. அவள் ஒரு தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினாள். தடவிப் பார்த்தான். நல்லாருக்கு என்றான். பிறகு, "நான் அன்னைக்கு அந்தப் படிகாரத்தைப் போடாம இருந்திருந்தா" என்று ஆரம்பித்தான். எதைப் பேசினாலும் அவன் அங்கேதான் வந்து நிற்பான். அவள் தாளைப் பிடுங்கி மடித்துக் கூரையில் செருகினாள்.

"பட்டறைக்கு வாங்க. ஒரு நாளு வாங்க."

"எந்த மூஞ்சியோட வர?"

"இருக்கிற மூஞ்சியோட வாங்க. எனக்கு அது போதும்."

ஆனி கடைசியில் மேற்கே சாரல் பிடித்து ஆறு மறுபடி சிவந்தது. ஆடி பிறந்து ஒரு நாள் தனராஜ் வந்தான். வீட்டிலிருந்து பட்டறைக்குக் கூப்பிடு தூரம்தான். வேப்பமரத்தடியில் ஒரு முறை, பம்புசெட்டில் ஒரு முறை உட்கார்ந்து எழுந்து வந்தான். வேட்டி மடிப்பில் ஏதோ முட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு லோடு எடுக்க சாலிஹ் மொதலாளியும் வந்திருந்தார். லாரியில் நின்ற ஒருவன், "ஏலே, படிகாரம் வாரான்லே" என்றான். பெண்கள் யாரும் சிரிக்கவில்லை.

வெளுப்புத் தொட்டி நிறைந்திருந்தது. கூழும் சோடாவும் பெராக்சைடும் கலந்து வெதுவெதுப்பாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவன் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.  மடியிலிருந்து படிகாரக் கட்டியை எடுத்தான். வீட்டுக் குடத்தில் போடுகிற கட்டி, தேய்ந்து உருண்டையாகியிருந்தது.

"ஏளா, போடட்டா?" என்றான் கிருபாபாயிடம்.

சுந்தர்சிங் ஓடி வந்தார். "தனராஜ், வேண்டாம், இது நாளைக்குப் போற சரக்கு. கெட்டுப்போகும்."

"கெடட்டும் சார்" என்றாள் கிருபாபாய். "சரக்குதான?"

 அவர் தொட்டியைப் பார்த்தார், தனராஜைப் பார்த்தார். பிறகு ஓர் அடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

தனராஜ் கட்டியை உள்ளே விட்டான். முழங்கை வரை உறை மாட்டிய கிருபாபாயின் கை கூடவே போய்ச் சுற்றியது. கட்டி கரையாமல் நேரம் ஆயிற்று. மூட்டையிலிருந்து இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டாள் அற்புதமணி. கொஞ்சம் நுரைத்தது. வெள்ளையாகத் திரிதிரியாக ஏதோ மிதந்து இறங்கியது. அதற்குமேல் ஒன்றும் எழும்பவில்லை.

தனராஜ் குனிந்தான்.

அற்புதமணி கையை வாயில் வைத்துக்கொண்டாள். அவன் நிமிரவில்லை. முகம் தண்ணீருக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஆவி முகத்தில் பட்டது. உள்ளே சீட்டிச் சத்தம் எப்போதும்போலக் கேட்டது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பவுடர் எடுத்துக்கொண்டதை இந்தத் தொட்டி திருப்பிக் கொடுக்கப்போவதில்லை. ஆனாலும் அவன் ஆற அமரக் குனிந்து, மண் படிந்ததா என்று பார்க்கிற மாதிரியே பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

சாலிஹ் மொதலாளி கிட்டே வந்து கூழை ஒரு விரலால் தோண்டிப் பார்த்தார். அதற்குள் அது பழுப்பேறிக்கொண்டிருந்தது.

"இது என்னப்பா நெறம்? இப்படி இருந்தா நான் எடுக்கமாட்டேன்."

"என் தப்புதான் மொதலாளி" என்றான் தனராஜ். "படிகாரம் போட்டுட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு இருமலாயிற்று. டிரம்மின்மேல் உட்கார்ந்து இருமி, மூச்சு வாங்கி, லாரியில் நின்றவனைப் பார்த்து மறுபடியும் சிரித்தான். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கிருபாபாய் வாளியை எடுத்தாள். கெட்டுப்போன கூழை மொண்டு, திரும்பக் கழுவுவதற்கு மணல் பக்கம் நடந்தாள். பெண்கள் இன்னும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

"பாத்தது போதும்ளா" என்றாள் திரும்பாமலே. "வெயில் போவுது. அள்ளுங்க."